கரையிலிருந்து கை காட்டியவள்

படகில் ஏற்றுவதற்கு முன் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிவிடச் சொன்னார் கோவர்த்தனன். மோகனப்ரியா தயங்கினாள். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத கியர் சைக்கிள். கழற்ற அவளுக்குத் தெரியும். திரும்ப மாட்டுவதில்தான் சந்தேகம்.

"நான் மாட்டித் தரேம்மா. நீ ஏறிக் குந்து," என்றார் அவர்.

துறையில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த ஆள் அவளுக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் கேட்டான். "ஒக்கரேனா மேடம்?"

"ஒருத்திதான்," என்றாள் தமிழில். அந்தப் பக்கத்தில் எந்த மொழியில் கேட்டாலும் எந்த மொழியிலும் பதில் சொல்லலாம்.

அவளுக்குச் சொந்த ஊர் குடியாத்தம். ஸ்ரீசிட்டியில் செல்போன் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை வேலை. வரதய்யபாளையத்தில் இரண்டு பெண்களோடு ஓர் அறை. ஒரு மயிரிழைக் கீறல்கூட மோகனா கண்ணுக்குத் தப்பாது என்று சூப்பர்வைசர் சொல்வார். வாரம் முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் லென்ஸ் வழியே பார்த்துக் கிடப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் வெயில் வேண்டும். அறைத்தோழிகளுக்குத் தூக்கம் வேண்டும். அதனால் அவள் தனியாகவே கிளம்பிவிட்டாள், பழவேற்காடு ஏரியின் நடுவில் இருக்கும் கொடுவாத்திட்டைச் சைக்கிளில் சுற்றி வர.

அந்தத் தீவை அவள் ரீல்ஸில்தான் பார்த்திருந்தாள். பூநாரைக் கூட்டம், தண்ணீருக்குள் கட்டிய ஊஞ்சல், இதய வடிவில் வளைத்த மூங்கில் சட்டம், அதற்குள் நின்று சிரிக்கும் ஜோடிகள். சில வருஷங்களுக்கு முன்வரை அங்கே மீன் பிடிக்கிற குடும்பங்களும் கொஞ்சம் நெல் வயலும்தான் இருந்தன என்று கோவர்த்தனன் படகை ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"அப்பல்லாம் இடுப்பளவு தண்ணி. திட்டுலேர்ந்து திட்டுக்கு நடந்தே போவோம். பெரிய போட்டுங்க வரணும்னு நம்ம திட்டோட கீழக்கரை ஓரமா வாய்க்கா தோண்டிட்டாங்க. தோண்டின சேறு செட்டிலாவவே இல்ல. இப்ப அங்க காலு வச்சா உள்ள வாங்கிக்குது."

"அப்ப நீங்க எப்படி மீன் பிடிக்கிறீங்க?"

"எங்க புடிக்கிறது. ஞாயித்துக்கிழமைல சவாரிதான்." அவர் சிரித்தார். "மதியம் எங்க வூட்ல துன்னுட்டுப் போம்மா. என் சம்சாரம் யசோதா வர்றவங்களுக்குச் சமைச்சிப் போடுறா. இன்னா வேணும் சொல்லு."

"நண்டு கிடைக்குமா?"

அவர் ஒரு கணம் கிழக்கே பார்த்தார். "கெடைக்கும். வலை போட்டு வச்சிருக்கேன். சவாரி வுட்டுட்டுப் போயி எடுத்தாறேன், உனக்கோசரம்."

சிமெண்டுத் துறையில் இறக்கிவிட்டு, சொன்னபடியே சக்கரத்தை மாட்டித் தந்தார். அவள் ஏறி மிதிக்கப் போகும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா. கீழக்கரைப் பக்கம் போறப்ப..."

"சொல்லுங்கண்ணா."

சுற்றுலாக்காரர்களுக்கான மூங்கில் குடில்களின் வாசலில் நின்றிருந்த சீருடைக் காவலாளி இவர்கள் பக்கம் திரும்பினான். கோவர்த்தனன் தலையைச் சொறிந்துகொண்டார்.

"ஒண்ணும் இல்ல. வெயில் ஜாஸ்தி. தண்ணி எடுத்துக்கினு போ."

*

தீவைச் சுற்றிப் பாதை போட்டிருந்தார்கள். மேற்குப் பக்கம் முழுக்கக் கடைகள். பொரித்த இறாலின் மணமும் ஸ்பீக்கரின் அதிர்வும் கொஞ்ச தூரம் வரை கூடவே வந்தன. மீனவர் வீடுகளின் சுவர்களில் பூநாரை வரைந்து, கதவுகளுக்கு மேல் மூன்று மொழிகளில் 'தங்கும் இடம்' என்று எழுதியிருந்தது. ஒரு வீட்டுக்குள் பெண்ணொருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்க, ஜன்னல் வழியே இரண்டு பேர் அவளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. துணியை உதறிப் போட்டு மூடியதுபோல் அப்படியொரு நிசப்தம். தோப்புக்குள் வெயில் நுழையவில்லை. ஆனால் நிழலில் குளிர்ச்சியும் இல்லை. காய்ந்த சேற்றின் வாடை, அதற்கடியில் பழைய தண்ணீரில் ஊறிய துணியின் வாடை. சங்கிலி ஓடும் கிர்ரென்ற சத்தம் மட்டும் அவள் காதில் கேட்டது.

தோப்பு முடிந்த இடத்தில் கீழக்கரை விரிந்தது. உமரிச் செடிகள் சிவந்து கிடந்த சேற்றுவெளி. அதற்கப்பால் கறுத்த கோடாக வாய்க்கால். வாய்க்காலின் அக்கரையில் மெலிந்த மண்திட்டு. அதில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள்.

பூநாரைகளுக்கு நடுவில் ஒரு பெண் நின்று கை காட்டிக்கொண்டிருந்தாள்.

மோகனா காலூன்றி நின்றாள். நீலப் புடவை. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, முழுக் கையையும் வீசிக் காட்டினாள். முகம் தெரியாத தூரம். வந்த இடத்தில் யாரோ இப்படி வரவேற்பது மோகனாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. செல்போனை எடுத்து வீடியோவில் போட்டாள். தன் கையையும் ஆட்டினாள்.

"ஹாய்க்கா," என்று கத்தினாள்.

பதில் இல்லை. கை மட்டும் ஆடியது.

மறுபடி மிதித்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் இவளுக்கு நேராக வந்திருந்தாள். திட்டின் ஓரமாக ஓடி வந்திருக்க வேண்டும். கை கீழே இறங்கவில்லை. மோகனாவுக்குச் சிரிப்பு வந்தது. ஃபோனை மறுபடி தூக்கி, பேசிக்கொண்டே மறுபடி கை ஆட்டினாள். பாதை வளையும் இடத்தில் மூன்றாம் முறையும் திரும்பினாள்.

அந்தப் பெண் இப்போது இரண்டு கைகளையும் தூக்கியிருந்தாள்.

ஒன்று மட்டும் அப்போதே மனத்தில் உரசியது. ஒரு மனுஷி அவ்வளவு பக்கத்தில் ஓடியும் ஒரு பறவைகூடப் பறக்கவில்லை.

ஆனால் முன்னே நிழலும் சாய்வான பாதையும் இருந்தன. அவள் போய்விட்டாள்.

*

யசோதாவின் வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு இரண்டு மேசைகள் கிடந்தன. பக்கத்திலேயே கோவர்த்தனனின் அண்ணன் வேங்கடாசலத்தின் டீக்கடை.

"நீதானா நண்டு கேட்ட பொண்ணு," என்றாள் யசோதா. "எடுத்தாறேன்னு போனாரு, இன்னும் காணோம். வலை எங்கனா சிக்கிக்கிச்சோ இன்னாவோ. மீன் கொழம்பு இருக்குது. அத துன்னுக்கினு இரு, வந்துடுவாரு."

மோகனாவுக்கு அகோரப் பசி. குழம்பு நாக்கைச் சுட்டது, அவ்வளவு ருசி. யசோதா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"சுத்திப் பாத்தியா? புடிச்சிருக்குதா எங்க ஊரு?"

"ரொம்ப அழகா இருக்குக்கா."

வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. வாய் நிறையச் சோறு இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் கண் செருகியது. பந்தலுக்கடியில் கிடந்த கட்டிலைக் காட்டி, கொஞ்சம் சாய்ந்துகொள்ளச் சொன்னாள் யசோதா. ஏரிக் காற்று வந்தது. மோகனா நன்றாகத் தூங்கிவிட்டாள்.

எழுந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. யசோதா வாசலில் நின்று துறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வேங்கடாசலம் டீ ஆற்றிக்கொண்டே, "ஓட்டல்காரன் சவாரிக்குக் கூப்ட்டிருப்பான்டி. வந்துடுவான்," என்று சமாதானம் சொன்னார்.

மோகனா டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, பேச்சு கொடுப்பதற்காகச் சொன்னாள்.

"உங்க ஊர் ஜனங்களுக்கு நல்ல மனசு பெரியப்பா. கீழக்கரையில ஒரு அம்மா எனக்குக் கை காட்டினாங்க."

வேங்கடாசலத்தின் கையிலிருந்த சொம்பு அந்தரத்தில் நின்றது.

டீ வழிந்து அவர் காலில் விழுந்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

"இன்னா புடவை," என்றார்.

"நீலம்."

"எப்போ பாத்த?"

"காலையில. நான் வந்த புதுசுல."

யசோதா மெதுவாகத் திரும்பினாள்.

"காலைலயா," என்றாள் யசோதா.

ஓடத் தொடங்கினாள்.

*

இரண்டு இளைஞர்கள் கயிறும் பலகையும் எடுத்துக்கொண்டு படகில் குதித்தார்கள். வேங்கடாசலம் மோகனாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"நான் எதுக்கு பெரியப்பா?"

"நீதாம்மா காட்டணும். எங்க கண்ணுக்கு அவ தெரியமாட்டா."

படகு வாய்க்காலுக்குள் திரும்பும்வரை அவர் சொன்னார். எஞ்சின் சத்தத்துக்கு மேல், வேண்டா வெறுப்பாக, துண்டு துண்டாகச் சொன்னார். அவள் பேர் பச்சையம்மாள். வாய்க்கால் தோண்டிய அடுத்த வருஷம் அவள் புருஷன் இந்தச் சேற்றில் மார்புவரை புதைந்துபோனான். பூநாரை சீசன். படகு படகாக ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பச்சையம்மாள் திட்டில் நின்று எல்லாப் படகுக்கும் கை காட்டினாள். அவர்களும் பதிலுக்குக் கை காட்டினார்கள். ஒரு படகில் பாட்டுப் பாடி ஆடிக்கொண்டே கை காட்டினார்களாம். கடைசியில் அவளே இறங்கினாள்.

"அதுக்கப்புறம் வெளியூருக்காரங்க கண்ணுக்கு மட்டும் தெரியறா. சும்மா ஒண்ணும் தெரியமாட்டா. யாரோ சேத்துல மாட்டினாத்தான் வந்து நிக்கிறா. போன தையில ஒருத்தர் நேரா வந்து, யாரோ கூப்புட்றாங்கன்னு சொன்னாரு. ஓடிப்போயி எங்க பரணியத் தூக்கினோம். இதோ குந்திக்கினு இருக்கானே, இவன்தான்."

கயிற்றைப் பிடித்திருந்த இளைஞன் தலை நிமிரவில்லை.

"முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றாள் மோகனா. "யாராவது ஒரு வார்த்தை..."

"பேய் இருக்குதுன்னு தெரிஞ்சா யாரும்மா வருவாங்க. சொல்லக் கூடாதுன்னாங்க குடில்காரங்க. நாங்களும் வாய மூடிக்கினோம்." வேங்கடாசலம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் தம்பியும்தான்."

துறையில் அவர் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

எஞ்சினை நிறுத்தினார்கள். கழியை ஊன்றிப் படகைத் தள்ளினார்கள். வாய்க்கால் நீர் கறுப்பாக, அசைவில்லாமல் கிடந்தது. சேற்றிலிருந்து குமிழிகள் கிளம்பி வெடிக்கும் சத்தம். அழுகிய பாசியின் நாற்றம். சூரியன் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இறங்கிவிட்டது. மேலே வானம் வெளுத்திருக்க, கீழே ஏரி மட்டும் இருட்டத் தொடங்கியிருந்தது. கோவர்த்தனனின் சிறிய படகு உமரிச் செடிகளில் மூக்கை முட்டிக்கொண்டு தனியாக நின்றது.

"எங்க நிக்கிறா," என்றாள் யசோதா, கிசுகிசுப்பாக. "பாத்துச் சொல்லு பாப்பா."

மோகனா திட்டைப் பார்த்தாள். பூநாரைகள் மட்டும்தான்.

"தெரியலக்கா."

"பாரு. நல்லா பாரு."

அவள் பார்த்தாள்.

திட்டில் அவள் இல்லை.

வாய்க்காலின் வளைவில், தண்ணீருக்குள் இருந்தாள்.

கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தாள். நீலப் புடவை அவளைச் சுற்றி மிதக்கவில்லை, நனைந்ததாகக்கூடத் தெரியவில்லை. இப்போது கை காட்டவில்லை. இரண்டு கைகளாலும் எதையோ தாங்கிப் பிடித்திருந்தாள்.

ஒரு தலை. வானத்தைப் பார்த்து மல்லாந்த முகம். மோவாயும் மூக்கும் மட்டும் நீருக்கு மேலே.

"அங்க," என்றாள் மோகனா. விரலை நீட்டினாள். "வளைவுல. பிடிச்சிக்கினு இருக்காங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் பச்சையம்மாள் தலையைத் திருப்பி இவளைப் பார்த்தாள். கோபமான முகமாக இருந்திருந்தால் மோகனா பிற்பாடு கொஞ்சமாவது தூங்கியிருப்பாள். நாள் முழுக்கப் பாரம் சுமந்து கை மரத்துப்போன ஒருத்தி, இறக்கிவைக்க ஆள் வந்ததும் பார்ப்பாளே, அப்படித்தான் பார்த்தாள்.

பலகையைப் போட்டு ஊர்ந்துபோன பரணி அந்தத் தலையைத் தொட்டான்.

அதே நொடியில் அந்தக் கைகள் விட்டுவிட்டன.

தலை தண்ணீருக்குள் போனது. பரணி முடியைப் பற்றி இழுத்தான். கயிறு கட்டி, நாலு பேரும் சேர்ந்து, சேறு உறிஞ்சும் சத்தத்தோடு கோவர்த்தனனை வெளியே எடுத்தார்கள். யசோதா அவரை மடியில் போட்டுக்கொண்டு நெஞ்சைத் தேய்த்தாள். கையைத் தேய்த்தாள்.

"சூடா இருக்குது மாமா. கை சூடா இருக்குது பாரேன். சூடு இருக்குது மாமா."

துறை வந்து சேரும்வரை வேங்கடாசலத்திடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். சூடு இருந்தது. மூச்சு இல்லை.

*

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், யார் யாருக்கு என்ன உறவென்று அறியாமல், ரொம்ப நேரம் தாக்குப் பிடித்திருக்கிறார் என்றாள். போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், சற்று முன்னதாகக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றாள். கொஞ்ச நேரம். மோகனா மனத்துக்குள் பின்னோக்கி நடந்தாள். டீ. கட்டில். இரண்டாம் கரண்டிச் சோறு. எந்த இடத்தில் நின்று வாயைத் திறந்திருந்தாலும் போதும்.

வராந்தா பெஞ்சில் யசோதா தனியாக உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. மோகனா அருகே போய் நின்றாள்.

"பாப்பா," என்றாள் யசோதா நிமிராமல். "ஒரு தடவைதான் காட்டினாளா? இல்ல, நீ போறப்பவும் காட்டிக்கினே இருந்தாளா?"

மோகனாவுக்குப் பதில் தெரியும். ஓடி வந்ததும் தெரியும். இரண்டு கைகள் தூக்கியதும் தெரியும்.

"ஒரே தடவைதான்க்கா," என்றாள். "நான் சரியாப் பாக்கறதுக்குள்ள போயிட்டாங்க."

சொன்னபோது குரல் பிசிறவேயில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

யசோதா தலையை ஆட்டினாள். கையை நீட்டினாள்.

"போன்ல புடிச்சிருப்பியே. எங்கூட்டுக்காரர மேல புடிச்சிக்கினு இருந்தவள நான் ஒரு தபா பாக்கணும். காட்டு."

மோகனா அந்த வீடியோவைத் தேடி எடுத்தாள். ஃபோன் கை மாறியது.

வீடியோவில் அந்தப் பெண் இல்லை. வெறும் மண்திட்டு. பூநாரைகள். வெயில். முன்னால், பெரிதாக, ஆடிக்கொண்டிருக்கும் மோகனாவின் கை. ஃபோன் குலுங்கியது. மறுபடி திட்டு, வெறுமையாக. பிறகு அவளுடைய குரல், அவ்வளவு உற்சாகமாக.

"இன்னும் காட்டிக்கினே இருக்காங்க பாரேன். அய்ய, கூடவே ஓடி வராங்கப்பா. சரிக்கா, சரிக்கா, பை பை."

அப்புறம் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருக்கும்போது வீடியோ முடிந்தது.

வராந்தாவில் மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது.

யசோதா ஃபோனை இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தாள், சாப்பிட வந்தவர்களுக்குத் தட்டு நீட்டுவதுபோல. திட்டுவாள், அடிப்பாள் என்று மோகனா நின்றாள். அடித்திருந்தால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம்.

"நான் இன்னொரு கரண்டி வச்சேனே," என்றாள் யசோதா. "பசியா இருக்குதேன்னு."

பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

*

சைக்கிளை மோகனா தீவிலேயே விட்டுவிட்டாள். யாரோ ஃபோன் செய்து வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். போகவில்லை. வேலைக்கு மட்டும் போனாள். லென்ஸ் வழியே கீறல்களைப் பார்த்தாள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை, ஆனால் சூப்பர்வைசர் பாராட்டும்போதெல்லாம் கழிப்பறைக்குப் போய் அழுதாள். சாப்பாட்டில் இரண்டாம் முறை சோறு வைக்க அவள் யாரையும் விடுவதில்லை. அந்த வீடியோவை அழிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை.

தெருவில் யாராவது யாருக்காவது கை காட்டினால் நின்றுவிடுவாள். பஸ்ஸை நிறுத்தக் கை நீட்டுகிறவர்கள், மாடியிலிருந்து பால்காரனைக் கூப்பிடுகிறவர்கள், பள்ளி வேனுக்கு டாட்டா காட்டும் குழந்தைகள். ஒவ்வொன்றையும் முடியும்வரை பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். அறைத்தோழிகள் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டார்கள்.

மார்கழியில் ஒரு காலை. கம்பெனி பஸ் வரதய்யபாளையத்தை விட்டுக் கிளம்பி, வழியிலிருக்கும் ஏரிக்கரையோரம் வந்துகொண்டிருந்தது. விடிந்துவிட்டது, ஆனால் பனி விலகவில்லை. பஸ்ஸுக்குள் எல்லோரும் சால்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மோகனா கண்ணாடியில் படிந்த ஈரத்தை உள்ளங்கையால் துடைத்தாள்.

கரையின் மேல் ஒரு நீலப் புடவை.

வலது கை தலைக்கு மேலே.

பழவேற்காடு எங்கே, இந்த ஏரி எங்கே என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. எழுந்து ஓடினாள்.

"நிறுத்துங்க. அண்ணா, வண்டிய நிறுத்துங்க."

டிரைவர் பதறி பிரேக் போட்டார். "ஏமைந்தி மேடம்?"

"அங்க கூப்புட்றாங்க. கரை மேல."

அவர் கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தார். "எவரூ லேரு கதா. யாருமே இல்லையேம்மா. ஷிஃப்டுக்கு லேட்டாவுது."

பின்னால் இருக்கைகளில் முணுமுணுப்பு. யாரோ, "உக்காரு மோகனா," என்றார்கள். மற்றொரு குரல் அலுத்துக்கொண்டது. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு குதித்தாள்.

"கயிறு இருந்தா எடுத்துக்கினு வாங்க," என்று கத்தினாள். "யாராவது வாங்க. தண்ணில யாரோ இருக்காங்க."

பனியில் நனைந்த புல் வழுக்கியது. கையை ஊன்றிக் கரை மேல் ஏறினாள். அங்கே யாரும் இல்லை. கீழே ஏரி, வெள்ளையாக, சத்தமே இல்லாமல் கிடந்தது. சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லை. பஸ் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். குளிர் எலும்பில் ஏறியது. சேறு பாதத்தை மெதுவாக, மிருதுவாகப் பற்றிக்கொண்டது. காலை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

அப்போதுதான் அக்கரையில் பனி சற்றே விலகியது. பச்சையம்மாள் அங்கே நின்றிருந்தாள். கை இன்னும் இறங்கவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆண் நின்றிருந்தார். சைக்கிள் சக்கரத்தை மாட்டித் தந்தவர் அவர்தான் என்று தெரிந்துகொள்ள மோகனாவுக்கு முகம் தேவைப்படவில்லை.

அவரும் கையைத் தூக்கினார்.